பொருள்: ஒற்றை ஒளியனில் (ஃபோட்டானில்) 'என்டாங்கிள்மென்ட்' – வெள்ளிக்குள் சொல் வேண்டும்

மதுரை, இயற்பியல் பேராசிரியை:
அனைவருக்கும் வணக்கம். இளநிலை மாணவர்களுக்கான துணைநூல் வெள்ளியன்று அச்சுக்குப் போகிறது. ஒரேயொரு ஒளியனை வைத்துப் பெல் சமனின்மையை, அதாவது தொலைவிலுள்ளவை ஒன்றையொன்று பாதிப்பதில்லை என்று கொண்டால் அளவீடுகள் தாண்டக்கூடாத வரம்பை, சோதிக்கும் பகுதியில் நிற்கிறேன். இரண்டு பகுதிகள் தனித்தனி நிலையின்றி ஒரே கூட்டுநிலையில் இருக்கும் என்டாங்கிள்மென்ட்டுக்குப் 'பிணைப்பு' போட்டால், சகப்பிணைப்பு படித்த பிள்ளைகள் எலெக்ட்ரான் ஜோடியைத் தேடுவார்கள். அந்தப் பெல் வரம்பு மீறப்படுவதைக் குறிக்கும் நான்லோக்காலிட்டிக்கும் ஒரு சொல் தாருங்கள்.

தஞ்சாவூர், ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:
'பிணையல்' இருக்கிறதே, அம்மா! களத்தில் கதிர் மிதிக்க ஒன்றாகக் கட்டிய மாடுகள் பிணையல். பழைய வழக்கில் தொடுத்த மாலையும் பிணையல்தான். பிணி, பிணை, பிணக்கு எல்லாம் ஒரே வேர். ஆளைக் கட்டிப்போடுவதால் நோய் பிணி ஆயிற்று. பெண்மானாகிய பிணையையும் இதில் சேர்ப்பவர் உண்டு. எனக்கு உடன்பாடில்லை, தனி மடலில் விரிவாக எழுதுகிறேன். என்டாங்கிள்மென்ட்டுக்கு இயற்பியலாளர் ஷ்ரோடிங்கர் 1935இல் ஜெர்மனில் வைத்த பெயர் 'ஃபெர்ஷ்ரென்குங்'. கைகளைக் குறுக்காகக் கோத்து நிற்பதற்கும் அந்த வினைதான் வரும்.

பெங்களூரு, ஆய்வு மாணவர்:
ஐயா, பிணையலுக்கு இரண்டு மாடு வேண்டும். இங்கே ஒளியன் ஒன்றுதான். ஒளியைப் பாதி விட்டுப் பாதி திருப்பும், பாதி வெள்ளி பூசிய ஆடியில் பட்டதும் 'இந்த வழியில் ஒளியன் ஒன்று, அந்த வழியில் சுழியம்' என்பதும் அதன் மறுதலையும் ஒரே நிலையில் சேர்ந்திருக்கின்றன. பிணைந்தவை ஒளியன்களல்ல, வழிகள். ஒற்றை ஒளியனே நான்லோக்காலிட்டியைக் காட்டும் என்று 1991இல் இயற்பியலாளர்கள் டான், வால்ஸ், காலெட் முன்வைத்த நாளிலிருந்தே இதில் சர்ச்சை. 1994இல் ஹார்டி அவர்கள் வாதத்தைக் கூராக்கினார். மறு ஆண்டே கிரீன்பெர்கர், ஹார்ன், சைலிங்கர் மூவரும் 'இது பல துகள் விளைவு' என்று மறுத்தார்கள்.

ஒளியன் எந்தப் பக்கம் வந்தது என்று எண்ணினால் மட்டும் போதாது. ஒரு பக்கம் கிடைத்தால் மறுபக்கம் இராது என்பது சாதாரண நிகழ்தகவிலும் வரும். அதனால் அந்த ஒளியை லேசரோடு இன்னோர் ஆடியில் கலந்து, இரண்டு உணரிகளின் மின்னோட்டத்தைக் கழித்துப் பார்க்கிறார்கள். லேசரின் அலைக் கட்டத்தை (ஃபேஸ்) மாற்றினால் அளக்கும் பண்பே மாறிவிடும். 2015இல் வெளியான டோக்கியோ சோதனை இப்படித்தான் நடந்தது. ஆனால் அது ஸ்டியரிங் சோதனை, அதாவது ஒரு பக்கம் எதை அளக்கிறோம் என்பது மறுபக்க நிலையை மாற்றுகிறதா என்று பார்ப்பது; பெல் சோதனையல்ல. நூலில் இரண்டையும் கலந்துவிடாதீர்கள்.

யாழ்ப்பாணம், மொழிபெயர்ப்பாளர்:
குவாண்டத்தைச் 'சக்திச்சொட்டு' என்று படித்தவன் நான். நல்ல தமிழ், ஆனால் கடல் தாண்டினால் ஆருக்கும் விளங்குவதில்லை. எல்லாருக்கும் தெரிந்த 'பின்னல்' போதும். மற்றதற்கு 'இடஞ்சாராமை'.

பெங்களூரு:
இடஞ்சாராமை என்றால் 'எங்கே செய்தாலும் விளைவு ஒன்றே' என்று பொருள்படும். அது வேறு தத்துவம்.

தஞ்சாவூர்:
அப்படியானால் 'இடவரம்பின்மை'. பின்னலை மட்டும் ஏற்க மாட்டேன். வலைப்பின்னல், தலைப்பின்னல் என ஏற்கெனவே ஆயிரம் வேலை அதற்கு!

மதுரை:
நேரமில்லை, ஐயா. தனியாக எழுதியவர்களையும் சேர்த்து ஏழு பேரில் ஐவர் பின்னல் பக்கம். 'குவாண்டம் பின்னல்' என்றே போடுகிறேன். முதல் இடத்தில் மட்டும் என்டாங்கிள்மென்ட் கூடவே வரும். இடவரம்பின்மையும் போகிறது. 'வரம்பில்லாத வேகத்தில் செய்தி போகும் என்று பொருளல்ல' என அடிக்குறிப்பு வைக்கிறேன்.

பெங்களூரு:
நான் முதலில் மறுத்தாலும், இப்போது ஐயா பக்கமே நிற்கிறேன். வழிகள் இரண்டு என்று கொண்டால் பிணையல் பொருந்தும். பின்னலில் ஒவ்வோர் இழைக்கும் தனி நிலை உண்டு என்ற படம் பிள்ளைகள் மனத்தில் முன்பே இருக்கிறது. இங்கே தனியொரு வழிக்கு முழு நிலை கிடையாது. நகரத்துப் பிள்ளைகள் பிணையல் மாட்டைப் பார்த்ததில்லை, ஆகவே பழைய படம் குறுக்கே வராது. அடுத்த பதிப்பில் மாற்றுங்கள், அம்மா.