மஞ்சள் காமாலையுள்ள பச்சிளங்குழந்தையைச் சித்திரை வெயிலில் காட்டலாமா?

கேள்வி (குடியாத்தம்):
முதல் பிரசவம் முடிந்து தாய்வீட்டில் இருக்கிறேன். 38 வாரங்கள் நிறைந்து, 2.8 கிலோ எடையுடன் பிறந்த என் மகளுக்கு இன்று ஐந்தாம் நாள். மூன்றாம் நாள் முகத்தில் தெரிந்த மஞ்சள் இப்போது மார்பு வரை இறங்கியிருக்கிறது. இரத்தத்தில் பிலிருபின் (காமாலைக்குக் காரணமான மஞ்சள் நிறமி) 13 மில்லிகிராம் என்று முடிவு வந்தது. ஒளிச்சிகிச்சை விளக்கில் வைக்கும் அளவுக்கு இல்லை, தாய்ப்பாலை அடிக்கடி கொடுத்து, நாளை மறுநாள் மீண்டும் அழைத்து வாருங்கள் என்று மருத்துவர் அனுப்பிவிட்டார். என் பாட்டியோ, காலையில் மொட்டைமாடியில் அரை மணி நேரம் வெயில் காட்ட வேண்டும், இடையிடையே சர்க்கரைத் தண்ணீர் புகட்ட வேண்டும், நான் கீழாநெல்லி அரைத்துக் குடிக்க வேண்டும் என்கிறார். குழந்தை பால் குடிக்கும்போதே தூங்கிவிடுகிறாள். எதைச் செய்வது?

மறுமொழி 1 (காட்பாடி):
வணக்கம் சகோதரி. பால் குடிக்கும்போதே தூங்கிவிடுகிறாள் என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, கவனிக்க வேண்டியது அதைத்தான். பால் இறங்காவிட்டால் மலம் சரியாகப் போகாது. மலத்தோடு வெளியேற வேண்டிய பிலிருபின் குடலிலிருந்து மறுபடியும் இரத்தத்தில் ஏறும். என் மகனுக்கு நான் மேல்துணியைக் கழற்றி, உள்ளங்காலை மெல்லச் சுண்டி, அப்படியும் விழிக்காவிட்டால் தோளில் போட்டு முதுகைத் தடவி, மறுபக்க மார்புக்கு மாற்றுவேன். ஒரு நாளைக்கு 8 முதல் 12 முறை கொடுக்க வேண்டும். இரவும் இதில் சேர்த்தி. கிழித்த நாட்காட்டித் தாளின் பின்புறம் பாலுக்கு ஒரு கோடு, ஈரத்துணிக்கு ஒரு புள்ளி என்று போட்டு வைத்தேன். ஐந்தாம் நாளுக்குப் பிறகு ஆறு புள்ளிக்குக் குறைந்தால் பால் போதவில்லை என்று பொருள்.

மறுமொழி 2 (ஆற்காடு, ஓய்வுபெற்ற செவிலியர்):
பாட்டியின் பேச்சை முழுதாகத் தள்ளிவிட முடியாது. இங்கிலாந்தில் வெயிலில் வைத்த குழந்தைகளுக்கு மஞ்சள் வெளுப்பதை ஒரு செவிலியர் கவனித்துச் சொன்னதிலிருந்துதான் 1958இல் ஒளிச்சிகிச்சை பற்றிய முதல் கட்டுரை வெளிவந்தது. ஆனால் மருத்துவமனை விளக்கு தருவது அளவறிந்த நீல ஒளி; வெயிலிலோ புற ஊதாக் கதிரும் சூடும் கலந்தே வரும். நம் வேலூர்ப் பக்கத்துச் சித்திரையில் காலையிலேயே தளம் சுடத் தொடங்கிவிடும். அதில் துணியின்றிக் கிடத்தினால் குழந்தையின் உடல்நீர் வற்றி, மஞ்சள் ஏறத்தான் செய்யும். சன்னலோர வெளிச்சத்தை நிறம் பார்க்கப் பயன்படுத்துங்கள்: நெற்றியிலும் மார்பிலும் விரலால் அழுத்தி எடுத்தால், வெளுக்கும் இடத்தில் உண்மையான நிறம் தெரியும். இதற்காகவே குளிப்பாட்டும்போது மஞ்சள் பூச வேண்டாம் என்பேன்.

சர்க்கரைத் தண்ணீர் சின்ன வயிற்றை நிரப்பிப் பாலைக் குறைக்கும். கீழாநெல்லியும் உரை மருந்தும் வேண்டாம். பெரியவர்களுக்கு வரும் காமாலை வேறு. இங்கே கருவில் இருந்த மிகுதியான சிவப்பணுக்கள் உடைவதையும், அந்தச் சுமையைக் கல்லீரல் பழகிக்கொள்வதையும்தான் பெரும்பாலும் பார்க்கிறோம். உங்கள் இரத்த வகை ஓ அல்லது நெகட்டிவ் என்றால் மருத்துவரிடம் நினைவூட்டுங்கள்.

உள்ளங்கை, உள்ளங்கால் வரை மஞ்சள் இறங்குதல், எழுப்பியும் பால் குடிக்காதிருத்தல், கீச்சென்ற அழுகை, உடலை வில்லாக வளைத்தல், காய்ச்சல் ஆகியவற்றில் ஒன்று தென்பட்டாலும் விடியட்டும் என்று காத்திராமல் கிளம்புங்கள். வண்டி இல்லையென்றால் 108ஐ அழையுங்கள். மலம் வெளுத்துச் சுண்ணாம்பு போலப் போனால், அது பித்தநாள அடைப்பாக இருக்கலாம். அதற்கான அறுவைச் சிகிச்சையை 60 நாட்களுக்குள் செய்வதே நல்லது.

இன்னொன்று: குழந்தைக்குச் சுற்றும் பழைய புடவைத் துணி எந்தப் பெட்டியிலிருந்து வருகிறது? பாச்சை உருண்டையின் நாப்தலீன், ஜி6பிடி என்ற நொதி குறைந்த குழந்தைகளுக்குச் சிவப்பணுக்களை உடைத்துக் காமாலையை முற்றச் செய்யும்.

கேட்டவர் (குடியாத்தம்):
நன்றி அம்மா. பாட்டியின் தகரப் பெட்டியைத் திறந்து பார்த்தோம். புடவை மடிப்புகளுக்குள் நான்கு உருண்டைகள் கிடந்தன. அந்தத் துணிகளை ஒதுக்கிவிட்டு, புதிதாக மல் துணி வாங்கித் துவைத்துக் காயப்போட்டிருக்கிறோம். வெயில் அதற்குப் போதும் என்று பாட்டியே சொல்லிவிட்டார்.