மறுமொழி: ஆட்டோ நெகோசியேஷன் – பேச்சுவார்த்தையா, இசைவா?

நண்பர்களுக்கு வணக்கம்.

கேபிளின் இரு முனைகளிலும் உள்ள கருவிகள் எந்த வேகத்தில், எந்த முறையில் இணைவது என்று தாமே முடிவுசெய்வதை "ஆட்டோ நெகோசியேஷன்" என்கிறோம். அலுவலகக் கையேட்டுக்காக அதற்கு "இசைவு" சரிவருமா என்று நான் கேட்டது இத்தனை மடல்களை இழுத்துவரும் என்று நினைக்கவில்லை. முதல் மடலைத் தவறவிட்டவர்களுக்காகச் சுருக்கமாக: காணொளி தொகுக்கும் நான்கு கணினிகளையும் கோப்புச் சேமிப்பகத்தையும் மட்டும் 1 ஜிகாபிட்டிலிருந்து 2.5 ஜிகாபிட் ஈத்தர்நெட்டுக்கு (கணினிகளைக் கேபிளால் இணைக்கும் முறை) மாற்றினோம். கணக்குப் பிரிவும் அச்சுப்பொறியும் கேபிள்கள் வந்து சேரும் பழைய சுவிட்ச் பெட்டியிலேயே இருக்கின்றன. அங்கே வேகம் கூடி யாருக்கும் ஆகப்போவது ஒன்றுமில்லை. சுவருக்குள் ஓடும் கேட் 5இ வகைக் கேபிள்களையும் தொடவில்லை. 2016-இல் வந்த ஈத்தர்நெட் தரம் (கருவிகள் பின்பற்றும் பொது விதித்தொகுப்பு) அதே கேபிளில் 100 மீட்டர் வரை 2.5 ஜிகாபிட்டுக்கு இடம் தருகிறது.

மூன்று கணினிகள் 2.5-இல் நின்றன. நான்காவது 100 மெகாபிட்டில் நின்றது. இணைப்பு விளக்கு எரிந்தது, இணையம் வந்தது; எனவே இரண்டு நாள் யாரும் கவனிக்கவில்லை. இதைக் கையேட்டில் விளக்க உட்கார்ந்தபோதுதான் சொல் இடறியது. "தானியங்கிப் பேச்சுவார்த்தை தோல்வியடைந்தது" என்று எழுதிப் பார்த்தேன். வேலைநிறுத்தச் செய்தி போல இருந்தது.

நகைப்பு ஒருபுறம் இருக்கட்டும், பொருளும் பிழை. பேச்சுவார்த்தை என்றால் பேரம் உண்டு, விட்டுக்கொடுத்தல் உண்டு. இங்கே இரு முனைகளும் தம்மால் இயன்றவற்றைச் சிறு துடிப்புகளாக அறிவிக்கின்றன. பொதுவாக இருப்பவற்றில் எதற்கு முதலிடம் என்பது தரத்திலேயே வரிசைப்படுத்தப்பட்டிருக்கிறது. இரண்டும் அதற்கு இசைகின்றன. பேரத்துக்கு இடமே இல்லை. ஆகவேதான் "இசைவு" என்றேன்.

> "வேக இசைவு" என்றே வைத்துவிடலாமே? படிப்பவருக்கு உடனே புரியும்.

முதலில் எனக்கும் அதுவே பிடித்திருந்தது. ஆனால் இங்கே முடிவாவது வேகம் மட்டுமன்று. ஒரே நேரத்தில் அனுப்பவும் பெறவும் முடியுமா என்பதும் சேர்ந்தே முடிவாகிறது. ஒரு முனையை 100 மெகாபிட், முழு இருவழி (ஒரே நேரத்தில் இரு பக்கமும்) என்று கையால் பூட்டிவிட்டு, மறுமுனையைத் தானியங்கியாக விட்டுப் பாருங்கள். மறுமுனைக்கு அறிவிப்பு எதுவும் வராது. குறிகையைக் கண்டு வேகத்தை மட்டும் தெரிந்துகொள்ளும். மற்றதைத் தெரிந்துகொள்ள வழியின்றி அரை இருவழியில் (ஒரு நேரத்தில் ஒரு பக்கம் மட்டும்) அமர்ந்துவிடும். வேகம் இரண்டு பக்கமும் ஒன்றுதான். ஆனாலும் சுமை ஏறினால் பிழைகள் குவிந்து கோப்பு நகர மறுக்கும். இந்த நிலையை "வேக இசைவு" எப்படிச் சொல்லும்? எனவே "இணைப்பிசைவு".

> "தன்னிசைவு" இன்னும் சுருக்கம். "ஆட்டோ"வும் விடுபடாது.

தனக்குத் தானே இசைந்துகொண்டவன் என்று பொருள் வருகிறதே ஐயா! 1995-இல் 100 மெகாபிட் தரத்தோடு இந்த ஏற்பாடு வந்தபோது, கையால் அமைப்பதிலிருந்து பிரித்துக்காட்ட "ஆட்டோ" தேவைப்பட்டிருக்கலாம். தமிழில் இசைவது அந்த முனைகளே என்பது வினையிலேயே தெரிகிறது. "சுவிட்சும் கணினியின் வலை அட்டையும் 2.5-க்கு இசைந்தன", "இசையவில்லை", "எதற்கு இசைந்திருக்கிறது என்று பாருங்கள்" – இப்படி வினையாகப் புழங்கும் சொல்தான் நிற்கும் என்பது என் கட்சி.

> உங்கள் நான்காவது கணினியில் நடந்தது இசைவுக் கோளாறே அன்று.

இதை ஒப்புக்கொள்கிறேன். 100 மெகாபிட்டுக்கு இரண்டு ஜோடிக் கம்பிகள் போதும். 1 ஜிகாபிட்டுக்கும் 2.5-க்கும் நான்கு ஜோடிகளும் வேண்டும். சுவர்ப் பெட்டியைத் திறந்து பார்த்தபோது பழுப்பு ஜோடியில் ஒரு கம்பி சரியாக அழுந்தாமல் இருந்தது. அறிவிப்புத் துடிப்புகள் வேறு ஜோடிகளில் போகின்றன. ஆகவே இரு முனைகளும் 2.5-க்கு இசைந்தே இருக்கின்றன. அதன்பின் இணைப்பு எழும்பாததால் வன்பொருளே வேகத்தைக் குறைத்துக்கொண்டிருக்கிறது. இதற்கு நீங்கள் சொன்ன "படியிறக்கம்" மிகப் பொருத்தம், அப்படியே எடுத்துக்கொண்டேன். கையேட்டு வரி இப்போது இப்படி: "2.5-க்கு இணைப்பிசைவு நிகழ்ந்தும், கேபிளில் ஒரு ஜோடி பழுதானதால் இணைப்பு 100-க்குப் படியிறங்கியது." ஜோடி என்பதை "இணை" ஆக்கச் சொன்னவர் மன்னிக்க வேண்டும். இணைப்பில் ஓர் இணை என்று எழுதினால் எனக்கே குழம்புகிறது.

மேலே "அரை இருவழி" என்று கூச்சத்தோடுதான் எழுதினேன். இருவழியில் பாதி ஒருவழிதானே? ஆனால் அங்கே இரண்டு பக்கமும் போக்குவரத்து உண்டு, ஒரு நேரத்தில் ஒரு பக்கம் மட்டும். "முறைமாற்று வழி" என்று ஒன்று தோன்றுகிறது. இதைவிட நல்லது யாரிடமாவது இருந்தால் எழுதுங்கள். கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது.