அபிடிகோலின் போட்டால் மெட்டாஃபேஸே கிடைப்பதில்லை. அளவு தப்பா?

கேள்வி:
ரத்த லிம்போசைட் (ஒரு வகை வெள்ளை அணு), செல் பிரிவைத் தூண்டும் பிஎச்ஏ போட்டு 72 மணி நேரக் கல்ச்சர். மூன்றாம் குரோமோசோமில் எளிதில் உடையும் இடமான எஃப்ஆர்ஏ3பி-யின் உடைவைப் பார்க்க, கடைசி 24 மணி நேரத்துக்கு, டிஎன்ஏ பிரதியெடுப்பைத் தடுக்கும் அபிடிகோலினை 1 மைக்ரோமோலார் கொடுத்தேன். ஸ்லைடில் மெட்டாஃபேஸைத் (குரோமோசோம்கள் சுருங்கித் தெளிவாகத் தெரியும் பிரிவு நிலை) தேட வேண்டியிருக்கிறது. 0.1-க்கு இறக்கினால் மெட்டாஃபேஸ் தாராளம், உடைவுதான் இல்லை. ஃபோலேட் இல்லாத மீடியத்துக்கு மாறிவிடலாமா?

பதில் 1:
மீடியத்தைத் தொடாதீர்கள். ஃபோலேட் குறைப்பது, எக்ஸ் குரோமோசோமில் உள்ள எஃப்ஆர்ஏஎக்ஸ்ஏ மாதிரி, டிஎன்ஏவில் சிஜிஜி எழுத்துகள் திரும்பத் திரும்ப வரும் தொடர் நீண்டுபோன அரிய உடையும் இடங்களுக்கு. உங்களுடையது எல்லோருக்கும் உள்ள பொது இடம், அதற்கு அபிடிகோலின்தான். அது டிஎன்ஏவைப் பிரதியெடுக்கும் ஆல்ஃபா, டெல்டா, எப்சிலான் போலிமரேஸ் என்சைம்களைத் தடுக்கும். 1 மைக்ரோமோலாரில் செல், பிரதியெடுப்பு நடக்கும் எஸ் கட்டத்திலேயே சிக்கிக்கொள்ளும். பிரதியெடுப்பு நொண்ட வேண்டும், நிற்கக் கூடாது. அரைகுறையாக முடித்த செல் மைட்டோசிஸுக்குள் (செல் பிரிவு) நுழைந்தால்தான் உடைவு தெரியும்.

0.2, 0.3, 0.4 மூன்றையும் ஒரே ரத்தத்தில் போட்டுப் பாருங்கள். 1 மில்லிகிராம் அபிடிகோலினை 2.95 மில்லி டிஎம்எஸ்ஓ கரைப்பானில் கரைத்தால் 1 மில்லிமோலார் ஸ்டாக். 10 மில்லி கல்ச்சருக்கு அதில் 4 மைக்ரோலிட்டர் விட்டால் 0.4. வெறும் டிஎம்எஸ்ஓ விட்ட கண்ட்ரோல் குழாய் இல்லாமல் எண்ணிக்கைக்கு மதிப்பில்லை.

பதில் 2:
அளவு சரியானாலும் ஸ்லைடில் கோட்டை விடலாம். செல்லை மெட்டாஃபேஸில் நிறுத்தும் கோல்செமிட் இருக்கும் நேரம் கூடினால் குரோமோசோம் குட்டையாகச் சுருங்கி, சின்ன இடைவெளிகள் மூடிப்போகும். நேராக ஜி-பேண்டிங் (குரோமோசோமில் பட்டைகள் தெரியச் சாயமிடுதல்) செய்வதும் வேண்டாம்: வெளிர் பட்டையா, இடைவெளியா என்று குழம்பும். முதலில் வெறும் ஜீம்சா சாயம். உடைவுள்ள மெட்டாஃபேஸின் ஸ்டேஜ் எண்களைக் குறித்து, படமெடுத்து, சாயத்தை நீக்கிவிட்டுப் பேண்டிங் செய்து அது எஃப்ஆர்ஏ3பி இருக்கும் 3பி14.2 பட்டைதானா என்று பாருங்கள்.

கேள்வி கேட்டவர்:
நன்றி. ஒப்பிட ஃபைப்ரோபிளாஸ்டிலும் (இணைப்புத் திசு செல்) இதையே எண்ணலாமா?

பதில் 3:
எண்ணலாம், ஆனால் எஃப்ஆர்ஏ3பி அங்கேயும் அதே அளவு உடையும் என்று எதிர்பார்க்க வேண்டாம். எஃப்ஆர்ஏ3பி இருப்பது எஃப்ஹெச்ஐடி ஜீனுக்குள், அது சுமார் 15 லட்சம் பேஸ் (டிஎன்ஏ எழுத்து) நீளம். லிம்போசைட் வகைச் செல்களில் அதன் நடுவே சுமார் 7 லட்சம் பேஸுக்குப் பிரதியெடுப்பு தொடங்கும் புள்ளிகளே இல்லை. இரு பக்கத்திலிருந்தும் ஃபோர்க் (பிரதியெடுப்பு நகரும் முனை) ஓடிவந்து சேர வேண்டும். வேகம் குறைந்தால் நேரம் போதாது. போதாக்குறைக்கு அவ்வளவு நீள ஜீனைப் படியெடுக்கவே ஆர்என்ஏ பாலிமரேஸுக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் ஆகும். பாதையில் அதற்கும் ஃபோர்க்குக்கும் மோதலும் நடக்கும். ஃபைப்ரோபிளாஸ்டில் தொடக்கப் புள்ளிகளின் அமைப்பு வேறு, அதனால் அதிகம் உடையும் இடங்களும் வேறு. இதை அறியாமல் ஒப்பிட்டால், செல் வகை வேறுபாட்டை மருந்தின் கோளாறு என்று எழுதிவிடுவீர்கள்.