மறு: பராமரிப்பின்போது ஏபிஐ கண்காணிப்பை நிறுத்திவைப்பது – ஒரு சொல் போதாது

அனைவருக்கும் வணக்கம். ஏபிஐ (மென்பொருள்கள் ஒன்றோடொன்று பேசும் இடைமுகம்) பராமரிப்பில் இருக்கும்போது அதன் கண்காணிப்பை நிறுத்திவைப்பதற்குத் தமிழில் என்ன சொல் வைப்பது என்ற பேச்சில், முன்பு வந்த ஒரு கேள்விக்கு இது என் பதில்.

> "கண்காணிப்பு முடக்கம்" என்று வைத்துவிட்டால் எல்லாவற்றுக்கும் பொருந்துமே?

பொருந்தாது ஐயா. "இணையதளம் முடங்கியது" என்றுதான் நாளிதழ்கள் எழுதுகின்றன. திரையில் "கண்காணிப்பு முடக்கம்" என்று கண்டால் ஏதோ பழுதாகிவிட்டது என்றே எவரும் நினைப்பார். நாமே திட்டமிட்டுச் செய்கிற வேலைக்குப் பழுதின் வாடை அடிக்கும் சொல் வேண்டாம்.

அதைவிடப் பெரிய சிக்கல், இதற்குள் இரண்டு வேறு செயல்கள் இருக்கின்றன. கண்காணிப்புக் கருவிகளையே பாருங்கள். அப்டைம்ரோபாட்டில் 'பாஸ்' அழுத்தினால், ஏபிஐ இயங்குகிறதா என்று அது அவ்வப்போது செய்யும் சோதனையே நின்றுவிடும். நாகியோஸில் டவுன்டைம் (திட்டமிட்ட நிறுத்த நேரம்) குறித்துவைத்தால் அப்படியில்லை: சோதனை வழக்கம்போல் ஓடும், ஏபிஐ 503 (சேவை இப்போது இல்லை) என்று பதில் தந்தால் அதுவும் பதிவாகும், பொறுப்பாளருக்குத் தகவல் மட்டும் போகாது. புரோமீத்தியஸ் கருவிக்காக அறிவிப்புகளை அனுப்பும் அலர்ட்மேனேஜரில் உள்ள 'சைலன்ஸ்' கூட இந்த வகைதான். குறித்த முடிவு நேரம் வந்ததும் அது தானாகக் காலாவதியாகிவிடும். சாபிக்ஸோ தரவு சேகரித்தபடி, சேகரிக்காமல் என்று இரண்டு வகைப் பராமரிப்பைக் காட்டி, எது வேண்டும் என்று நம்மையே கேட்கிறது. ஒரே சொல்லை வைத்துக்கொண்டு அந்தத் திரையை எப்படித் தமிழாக்குவது?

நடைமுறையிலும் இந்த வேறுபாடு முக்கியம். சோதனை ஓடிக்கொண்டிருந்தால் ஏபிஐ எப்போது விழுந்தது, எப்போது எழுந்தது என்பது வரைபடத்தில் தெரியும். நிறுத்திவிட்டால் அங்கே வெற்றிடம்தான். மறுபடி தொடங்க மறந்தால் அடுத்த நாள் பழுதும் கண்ணில் படாது. ஆனால் சில சோதனைகள் மாதிரி ஆர்டர் ஒன்றைப் பதிந்து பார்க்கும். தரவுத்தள அட்டவணையை மாற்றிக்கொண்டிருக்கும் வேளையில் அது உள்ளே எழுதக் கூடாது. அங்கே உண்மையாகவே நிறுத்தத்தான் வேண்டும்.

ஆகவே சோதனை நிற்பதற்கு இடைநிறுத்தம். பாட்டு, காணொளிச் செயலிகளில் பழகிய சொல். பொத்தானில் "இடைநிறுத்து", அதற்கு எதிராக "தொடர்". இலங்கையில் வேலையிலிருந்து தற்காலிகமாக விலக்கிவைப்பதையும் இப்படிச் சொல்வார்கள், ஆனாலும் சூழலே பொருளைக் காட்டிவிடும்.

சோதனை ஓட, தகவல் மட்டும் போகாமல் இருப்பதற்கு அறிவிப்படக்கல். கைப்பேசியில் "ஒலியடக்கு" இருக்கிறதே, அதே வினை. "எச்சரிக்கை அடக்கல்" என்று முன்பு ஒருவர் முன்மொழிந்தார். நாகியோஸில் 'வார்னிங்' என்பதே ஒரு நிலை, அதற்கு "எச்சரிக்கை" தேவைப்படும். இங்கே அதைச் செலவழிக்கக் கூடாது. "அடக்கம்" என்று முடிப்பதையும் தவிர்த்தேன், காரணம் சொல்ல வேண்டியதில்லை.

பராமரிப்புக்கென ஒதுக்கும் நேரத்தை ஆங்கிலத்தில் 'மெயின்டனன்ஸ் விண்டோ' என்பார்கள். அதை அப்படியே "பராமரிப்புச் சாளரம்" என்பது எனக்கு ஒட்டவே இல்லை. சாளரம் ஏற்கெனவே திரையில் திறப்பதற்கு ஆகிவிட்டது. மின்வாரிய அறிவிப்புகளால் "பராமரிப்புப் பணி" எல்லோருக்கும் தெரியும்; அதையொட்டி பராமரிப்பு வேளை என்றால் போதும்.

பராமரிப்பு வேளையையும் அறிவிப்படக்கலையும் ஒரு வரியில் இட்டுப் பார்த்தேன்:

"பராமரிப்பு வேளை: இரவு 1 முதல் 3 வரை. அறிவிப்புகள் அடக்கப்பட்டுள்ளன, சோதனைகள் ஓடுகின்றன."

ஒரு கேள்வி பாக்கி. விதி அமைத்து வைத்திருந்தால், பெரிய பழுது ஒன்றுக்கு அறிவிப்பு எழும்போது அதனால் விளையும் கிளைப் பழுதுகளின் அறிவிப்புகளை அலர்ட்மேனேஜர் தானே அடக்கிவிடும். அதை 'இன்ஹிபிஷன்' என்கிறார்கள். நாம் அடக்குவதும் அதுவே அடங்குவதும் ஒன்றாகிவிடாமல் இதற்குத் தனிச் சொல் வேண்டும். "கிளையடக்கல்" என்று தோன்றுகிறது. வேறு யோசனை இருந்தால் எழுதுங்கள்.