ஸ்கேன் நார்மல், ஆனால் மாலையில் தொடை இடுக்கில் வீக்கம்: சிடி எடுக்கலாமா?

அரிசிக்கடை:
வயது 51. 25 கிலோ சிப்பங்களை நானே இறக்கி அடுக்குவேன். நாலு மாதமாக வலது தொடை இடுக்கில் எலுமிச்சை அளவு வீக்கம். காலையில் இருக்காது, கடை சாத்தும் நேரத்தில் ஆஜராகிவிடும். படுத்தால் உள்ளே போய்விடுகிறது. வயிறு முழுக்க ஸ்கேன் எடுத்தேன். ஒரு லிட்டர் தண்ணீர் குடித்து, அடக்கிக்கொண்டு உட்கார்ந்ததுதான் மிச்சம். ஈரலில் கொழுப்பாம், மற்றதெல்லாம் நார்மலாம். சர்ஜனோ நிற்க வைத்து, இருமச் சொல்லி, விரலை வைத்துப் பார்த்து ஒரே நிமிடத்தில் ‘ஹெர்னியா’ என்கிறார்; வயிற்றுச் சுவரில் பலவீனமான இடம் வழியாக உள்ளே இருப்பது வெளியே பிதுங்குகிறதாம். யாரை நம்ப? பேசாமல் சிடி எடுத்துவிடலாமா?

ஸ்கேன் டாக்டர்:
சர்ஜனை நம்புங்கள். என் பிழைப்புக்கு எதிராகவே சொல்கிறேன்: வீக்கம் கைக்குத் தெளிவாகத் தட்டுப்பட்டால் பெரும்பாலும் ஸ்கேனே வேண்டாம்.

வயிற்று ஸ்கேனில் ஈரல், பித்தப்பை, சிறுநீரகம் என்று போவோம். சீட்டில் எழுதியிருந்தால் ஒழிய இடுக்குப் பக்கம் போகமாட்டோம். அதற்குப் புரோபும், அதாவது தோல்மேல் வைத்துத் தேய்க்கும் கருவியும், வேறு. மேலாக இருப்பதைத் துல்லியமாகக் காட்டும் நேர்ப் புரோப் வேண்டும். நீங்கள் மேஜையில் படுத்ததுமே ஹெர்னியாவும் உள்ளே போய்ப் படுத்திருக்கும்! நிற்க வைத்து, மூச்சைப் பிடித்து முக்கச் சொல்லிப் பார்க்க வேண்டும். அடிவயிற்றுச் சுவரில் மேலேறும் ஒரு தமனிதான் எங்களுக்கு எல்லைக்கல். அதற்கு வெளிப்பக்கத்திலிருந்து (இடுப்பெலும்புப் பக்கம்) சரிந்து வந்தால் இன்டைரக்ட், உட்பக்கத்திலிருந்து (உடலின் நடுக்கோட்டுப் பக்கம்) முன்னால் தள்ளினால் டைரக்ட். இன்னும் கீழே, தொடைச் சிரைக்குப் பக்கத்தில் இறங்கினால் ஃபெமரல். அது ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம்; சிக்கிக்கொள்ளும் அபாயமும் கூடுதல்.

சிடியும் படுக்க வைத்துத்தான் எடுப்பார்கள், கதிர்வீச்சு வேறு. உங்களுக்கு இப்போது அது தேவைப்படாது. ஆனால் வீக்கம் உள்ளே போகாமல் கல் மாதிரி ஆகி, வலியும் வாந்தியும் வந்தால் இங்கே வந்து கேள்வி கேட்டுக்கொண்டிருக்காதீர்கள். உடனே அவசரப் பிரிவுக்குப் போங்கள், நடுராத்திரி ஆனாலும்.

மதுரைக்காரி:
எனக்கு சிடி எடுத்தார்கள். கர்ப்பப்பை எடுத்த தையலுக்குப் பக்கத்தில் புடைப்பு. தொப்பை என்றே இரண்டு வருடம் ஓட்டினேன். சிடி எடுக்கும்போது முக்கச் சொன்னார்கள். தசையில் 6 சென்டிமீட்டர் இடைவெளி, அதற்கு மேலே யாருக்கும் தெரியாமல் இன்னொரு சின்ன ஓட்டை. இரண்டையும் சேர்த்து மூடுகிற அளவுக்கு வலை வைத்தார்கள். பழைய தழும்பில் வருகிற ஹெர்னியாவுக்கு சிடி உதவும், அண்ணே. உங்கள் கதை வேறு.

அரிசிக்கடை:
சிடியை விட்டுவிட்டேன். சர்ஜன் இடது பக்கத்தையும் பார்க்கவேண்டும் என்று இடுக்குக்கு மட்டும் ஸ்கேன் எழுதினார். கடை சாத்திவிட்டு, வீக்கத்தோடு ராத்திரி எட்டு மணிக்குப் போய் நின்றேன். முக்கியதும் திரையில் அது வழுக்கி இறங்கியதை நானே பார்த்தேன். இன்டைரக்ட், உள்ளே கொழுப்பு மட்டும், குடல் இல்லை. இடது பக்கமும் சின்னதாக ஒன்று இருக்கிறதாம்! இரண்டையும் ஒரே தடவையில் லேப்ராஸ்கோபியில் (சின்னத் துளை போட்டுச் செய்யும் ஆபரேஷன்) முடித்துவிடலாம் என்கிறார் சர்ஜன். தை பிறந்ததும் தேதி. அதுவரை சிப்பம் தூக்க மச்சானைக் கூப்பிட்டிருக்கிறேன். அவன் தூக்குகிற லட்சணத்தைப் பார்த்தால் அடுத்த கேள்வியை அவன்தான் கேட்பான் போலிருக்கிறது.