ரேடியல் ஸ்பாசம்: வெராபமில் கொடுக்க முடியாதவர்களுக்கு என்ன செய்கிறீர்கள்?

கேத் லேப் (இதய ஆஞ்சியோ செய்யும் அறை) நண்பர்களுக்கு வணக்கம். மணிக்கட்டின் ரேடியல் தமனி வழியாக ஆஞ்சியோ செய்யும்போது அந்தத் தமனி இறுகிப் பிடித்துக்கொள்வதை, அதாவது ஸ்பாசத்தைப் பற்றிக் கேட்கிறேன். ஹைட்ரோஃபிலிக் ஷீத் (வழுக்கும் பூச்சுள்ள குழாய்) போட்டதும், தமனியை விரிக்கும் மருந்துகளான நைட்ரோகிளிசரின் 200 மைக்ரோகிராம், வெராபமில் 2.5 மி.கி. கொடுப்பது எங்கள் வழக்கம். வெராபமில் கையில் எரியும், அந்த எரிச்சலே ஸ்பாசத்தைக் கிளப்பிவிடும். அதனால் சிரிஞ்சில் ரத்தத்தை இழுத்துக் கலந்து, மெதுவாகத்தான் செலுத்துகிறோம்.

நாடித்துடிப்பு 50-க்குக் கீழே இருப்பவர்கள், இதயத்தின் பம்பிங் மிகக் குறைந்தவர்கள்: இவர்களுக்கு வெராபமில் கொடுக்க முடியாது, இங்குதான் சிக்கல். நைட்ரோகிளிசரின் மட்டும் போதவில்லை. ஒல்லியான மணிக்கட்டு, அதிலும் இரண்டு மூன்று முறை குத்த நேர்ந்தால், கத்தீட்டரை, அதாவது உள்ளே செலுத்தும் மெல்லிய குழாயை, திருப்பும்போதே பிடிப்பு தெரிகிறது. வலுவாக இழுத்தால் தமனியே கிழியலாம். நிறுத்தி, அமைதிப்படுத்தும் மிடசோலம், வலி குறைக்கும் ஃபென்டனில் கொடுத்துக் காத்திருக்கிறோம்.

குத்துமுன், மரத்துப்போகச் செய்யும் லிக்னோகெய்னுடன் தோலுக்கடியில் நைட்ரோகிளிசரின் போடுபவர்கள் உண்டா? எவ்வளவு, எத்தனை நிமிடம் முன்பு? பிபி 100-க்குக் கீழ் என்றால்? 6 பிரெஞ்சிலிருந்து (பிரெஞ்சு என்பது குழாயின் தடிமன் அளவு) மெல்லிய 5-க்கு மாறியவர்களும் சொல்லுங்கள்.