ஆசிரியர் சம்பளத்தைச் சட்டமாக்க வேண்டுமா?

மூதூர் டீச்சர்:
இலங்கையில் ஆசிரியர் சம்பளத்தை ஆராய்ந்த சுபோதினி குழு பரிந்துரைத்த உயர்வில் மூன்றில் ஒரு பங்குதான் 2022 ஜனவரியில் கிடைத்தது. அதற்கே 2021 இல் மாதக்கணக்கில் இணையவழிக் கற்பித்தலை நிறுத்திப் போராட வேண்டியிருந்தது. மிச்சத்தைக் கேட்டு 2024 இலும் வீதிக்கு இறங்கினோம். சுற்றறிக்கையில் தருவதை இன்னொரு சுற்றறிக்கையில் தள்ளிப்போட்டுவிடலாம். சம்பள அளவு சட்டத்தில் இருக்க வேண்டும். கல்வி மாகாணத்துக்கும் உரிய விடயம், கிழக்கு மாகாண சபையே தொடங்கட்டும்.

உவர்மலைவாசி:
எந்தச் சபை டீச்சர்? அது 2017 இல் கலைந்தது, இன்னும் தேர்தல் இல்லை. மாகாணச் சட்டமான நியதிச்சட்டத்தை நிறைவேற்ற உறுப்பினர்களே இல்லை. இருந்தாலும் சம்பளக் காசு திறைசேரியிலிருந்துதான் வர வேண்டும்.

மூதூர் டீச்சர்:
சரி, அப்படியென்றால் நாடாளுமன்றம் செய்யட்டும். அந்த மூன்றில் ஒரு பங்கு வந்த அதே 2022 இல், செப்டெம்பர் மாதம் கொழும்பில் பணவீக்கம் 69.8 சதவீதம். கூட்டித் தந்ததை விலைவாசி விழுங்கிவிட்டது. விலை ஏறினால் சம்பளமும் ஏறும் என்று சட்டம் சொல்ல வேண்டும்.

உவர்மலைவாசி:
சட்டம் என்றால் இன்னொரு சட்டமும் இருக்கிறது. 2024 இன் 44 ஆம் இலக்கப் பொது நிதி முகாமைத்துவச் சட்டப்படி, வட்டி நீங்கலான அரச செலவு மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 13 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. ஆசிரியர் சம்பளம் தானாக ஏறினால் ஆஸ்பத்திரி மருந்துக் காசிலா கை வைப்பது? 2025 வரவு செலவுத் திட்டத்தில் அரச ஊழியரின் குறைந்தபட்ச அடிப்படைச் சம்பளத்தை 24,250 ரூபாயிலிருந்து 40,000 ஆக்கினார்கள். அதைக்கூட 2027 வரை கட்டம் கட்டமாகத்தான் தருகிறார்கள். உங்களுக்கு மட்டும் தனிச் சட்டம் என்றால் தாதியர் சும்மா இருப்பார்களா?

வெருகல் தகப்பன்:
எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்குக் கணித ஆசிரியர் வருவார், வருடம் திரும்புமுன் இடமாற்றம் வாங்கிப் போய்விடுவார். டவுனிலும் வெருகலிலும் ஒரே சம்பளம் என்றால் யார் இங்கே நிற்பார்கள்? எல்லாருக்கும் கொஞ்சம் கூட்டுவதைவிட, கஷ்டப் பிரதேசத்தில் நிற்கிறவருக்கு நன்றாகக் கூட்டுங்கள். சட்டம் போட்டால் அதற்குப் போடுங்கள்.

மூதூர் டீச்சர்:
அண்ணா, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அடிப்படைச் சம்பளத்தில் வீட்டு வாடகையும் பஸ் காசும் கட்டுப்படியாகாத இளம் ஆசிரியை, கொடுப்பனவை நம்பி வெருகலில் குடியிருக்க மாட்டா. இரண்டும் சேர்ந்தே வர வேண்டும்.

வெருகல் தகப்பன்:
சேர்ந்து வந்தால் சந்தோசம் டீச்சர். முதலில் எங்களுக்கு வரட்டும். என் மகளுக்கு அடுத்த வருடம் சாதாரண தரம்.